மாப்பிள்ளை பைக்கில் பால் தேத்தண்ணி

போன கிழமை ஒரு தம்பி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஒயில் மூடி. அதன் உட்பக்கத்தில் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு படலம். படத்துக்குக் கீழே ஒரு வரி: ‘பாஸ், ஹெட் கேஸ்கட் போயிட்டு எண்டு கஸ்டமருக்குச் சொல்லிட்டன். சரிதானே?’

அது காற்றில் குளிரும் எஞ்சின். அதில் ரேடியேட்டரும் இல்லை, அதற்கு ஊற்றும் தண்ணீரும் இல்லை. ஹெட் கேஸ்கட் போனால் தண்ணீர் உள்ளே வருவதற்கு அது என்ன வயல் வாய்க்காலா? நன்றாக ஏசலாம் என்றுதான் போனை எடுத்தேன். ‘சொல்லிட்டன், சரிதானே’ என்ற சொற்களை இன்னொரு முறை படித்ததும் ஏச வாய் வரவில்லை. முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சரிதானா என்று கேட்கும் கலையில் இந்தக் கரையோரத்திலேயே மூத்தவன் நான்தான். அந்தத் தம்பி என் வழியில் வந்தவர்.

ஆகவே கராஜ் திறந்திருக்கும், திறக்கப்போகும் தம்பிமாரே, இதைக் கேளுங்கள். கார்புரேட்டர் கழுவுவதும் வால்வு இடைவெளி பார்ப்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாததைக் கைபேசி சொல்லித் தரும். வாயை எப்போது திறக்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லித் தராது. அதை நான் என் செலவில், ஊர் பார்த்துக்கொண்டிருக்கப் படித்தேன்.

அது மாரிகாலம். எங்கள் ஊர்க் குளிரைப் பற்றி மலைநாட்டு நுவரெலியாக்காரனிடம் சொன்னால் சிரிப்பான். ஆனால் கடலிலிருந்து அந்த ஈரக்காற்று அடிக்கத் தொடங்கினால் கல்முனையில் நாங்களும் காதை மூடிக் கட்டிக்கொண்டு, ஏதோ பனிமலை ஏறப்போகிறவர்கள் போலத்தான் கடைக்குப் போவோம். உடுப்பு காயாது, உப்பு கட்டியாகும், நெருப்புப் பெட்டி நமத்துப்போகும். இவ்வளவும் தெரிந்த எனக்கு, எஞ்சினுக்கும் குளிரும் என்பது மட்டும் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அரிசி ஆலை ஹாஜியார் தன் மருமகன் ரிஸ்வானோடு என் கராஜுக்கு வந்தார். ரிஸ்வான் அக்கரைப்பற்றுப் பையன். கலியாணம் முடிந்து இரண்டு மாதம். எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். அவரைப் பொன்போல வைத்துக்கொள்வது மாமனாரின் மானப் பிரச்சினை. ஹாஜியார் மருமகனுக்கு அடுத்த தெருவில் கடை வைத்துக் கொடுத்திருந்தார். நல்லதொரு பழைய மோட்டார் சைக்கிளும் எடுத்துக் கொடுத்திருந்தார். அந்த பைக்தான் இப்போது முன்னால் நின்றது.

‘பாஸ், இதப் பாரு. எஞ்சினுக்குள்ள ஆரோ பால் தேத்தண்ணி ஊத்தி வெச்சிரிக்கான்,’ என்றார் ஹாஜியார்.

மூடியைத் திறந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பதமான பால் தேத்தண்ணி. நுரைகூட இருந்தது.

இந்த இடத்தில் என் கராஜின் அமைப்பை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துக் கடை சலூன். இரண்டுக்கும் நடுவில் சுவர் இல்லை, ஒரு கம்பித் தட்டிதான். நான் எதைத் திறந்தாலும் அங்கே கத்தரிக்கோல் நின்றுவிடும். அன்றைக்கும் நின்றது. எனக்குப் பார்வையாளர்கள் கிடைத்தார்கள். பார்வையாளர் இருந்தால் நான் மெக்கானிக் இல்லை, மந்திரவாதி.

விரலைத் துடைத்தேன். மூடிக்குள் விட்டேன். கட்டைவிரலால் தேய்த்தேன். வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கடைசியில், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மணந்தேன். மணந்தால் என்ன தெரியும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மணந்து பார்க்காத மெக்கானிக் பாஸை ஊரில் யாரும் நம்புவதில்லை.

‘வெள்ளத்துல குளிச்ச பைக் ஹாஜியார்,’ என்றேன். ‘தண்ணிக்குள்ள முழுசாத் தாண்டிரிக்கி. கழுவிப் பூசி உங்கட தலையில கட்டிட்டான். ஆர்ட்ட எடுத்தயள்?’

‘கச்சேரி ஹனீபாட்ட.’

இந்த இடத்தில் எனக்கு பிரேக் பிடித்திருக்க வேண்டும். ஊரே அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் ஹனீபா, அம்பாறைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். கச்சேரிப் பேனாவால் சொந்தக் கடிதம் எழுதாத மனிதர். இடுப்பு வருத்தத்தால் டாக்டர் பைக் ஓட வேண்டாமென்று சொல்ல, மனமில்லாமல் விற்றவர். ஆனால் அந்த மாதம் முழுக்க நான் வெள்ளத்தில் தாழ்ந்து மூழ்கிய பைக்குகளையே கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஏழெட்டு வெள்ளத்து பைக் பார்த்த கண்ணுக்கு ஒன்பதாவதும் வெள்ளத்து பைக்தான். அதோடு சொல் ஏற்கனவே வாயைவிட்டுப் போய்விட்டது. சலூனில் ஒரு பக்கத் தாடி மட்டும் வழித்திருந்த ஒருவர் மறு பக்கத்தை மறந்து எழும்பிப் போனார். ஊருக்குச் செய்தி சொல்லத்தான்.

அடுத்த நாள் பின்னேரம் ஹனீபா காக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு, குடையோடு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்து ஒரு பெரிய ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு வேலையாக இருப்பதுபோல் குனிந்தேன். அவர் சத்தம் போடவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து குடையை மடித்தார்.

‘பாஸ், என்ட பைக் வெள்ளத்துல குளிச்சது எண்டு நீங்க சொன்னயாம்.’

‘ஒயில் அப்படித்தான் சொல்லுது காக்கா.’

‘போன மாரியில எங்கட வளவுக்குள்ள தண்ணி வந்தது, ஓம். ரெண்டு மேசையச் சேத்துப் போட்டு பைக்க அதுக்கு மேல ஏத்தி வெச்சன். புள்ளைகள் கட்டில்ல, பைக் மேசையில. பொஞ்சாதி இண்டைக்கும் அதச் சொல்லி ஏசிறா, சோறு திங்கிற மேசையில ஒயில் மணக்குதாம். என்னட்ட இருந்த வரைக்கும் ஒரு நாளும் இந்த வெள்ளை இல்ல. வல்லாஹி இல்ல.’

‘விக்கிறவங்க எல்லாரும் அப்படித்தானே சொல்ற,’ என்றேன். நான் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்த்தீர்களா?

அவர் குடைக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘என்ட மகளுக்குப் பேசி முடிச்சிரிக்கி, தெரியும்தானே. இண்டைக்கிக் காலையில மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஆள் வந்தது. நாள் குறிக்கிறதக் கொஞ்சம் பொறுப்பமாம். ஏன் எண்டு கேட்டன். சும்மாதானாம்.’

அந்த ‘சும்மா’ என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுபோன கத்தரிக்கோலுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியாரும் ரிஸ்வானும் வந்து சேர்ந்தார்கள். ஹனீபா காக்காவைக் கண்டதும் ஹாஜியாருக்கு மூச்சு வாங்கியது.

‘நல்லம், இஞ்சயே இரிக்கிறீரா? நான் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குச் சொல்லிட்டன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட வந்து சத்தியம் பண்ணும். வெள்ளத்துல தாளல்ல எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லும். நான் விட்டிர்றன்.’

‘சத்தியம் பண்ணப் பயமில்ல ஹாஜியார். பொய்யா சொல்லப் போறன்? ஆனா ஹனீபாவ சத்தியத்துக்குக் கூப்பிட்டாங்க எண்டு ஊர் கதைச்சா, மறுகா என்ட புள்ளைய ஆர் எடுப்பான்? சத்தியம் முடிஞ்சிரும். அந்தக் கதை முடியாதே.’

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு யோசிக்கத் தொடங்கினார். அவர் யோசிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் தீர்ப்பை இன்னும் கொஞ்சம் பலப்படுத்தி விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது மடத்தனம்.

‘இஞ்ச பாருங்க காக்கா,’ என்று என் சொந்த பைக்கின் பக்கம் போனேன். பல வருடங்களுக்கு முன் புதிதாக எடுத்து, இன்றுவரை நான் மட்டுமே ஓடும் பைக். வெள்ளத்தின் வாசனையே அறியாதது. ‘நல்ல எஞ்சின்ட ஒயில் எப்படி இரிக்கும் எண்டு காட்டுறன்.’ ஒயில் மூடியைச் சுழற்றிக் கழற்றி, மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு முன் ஒரு தரம் நான் பார்த்தேன்.

பால் தேத்தண்ணி.

ஹாஜியாருடையதைவிடப் பால் அதிகம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கட்டியாக அவிக்கும் வட்டிலப்பம் என்றே சொல்லலாம்.

தம்பிமாரே, நான் தொழிலில் பல அவசரங்களைப் பார்த்தவன். பெற்றோல் தாங்கி தீப்பிடித்திருக்கிறது. ஜாக்கி சறுக்கி கால் மேல் எஞ்சின் விழுந்திருக்கிறது. ஆனால் அந்த மூடியைக் கையில் வைத்திருந்த அந்தக் கணம்போல ஒன்று வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேரும் ஒரு சலூனும். மூடியைப் பார்த்தது நான் மட்டும். திருப்பிக் காட்டினால் ஹனீபா காக்கா தப்பினார், நான் முடிந்தேன். காட்டாவிட்டால் அதுவே மறுபக்கமாக.

என் கட்டைவிரல் எனக்கு முன்பே முடிவெடுத்துவிட்டது. அது போய் மூடியின் மேல் உட்கார்ந்தது. ‘இருட்டிக்கிட்டு வருது, மழையும் தூறுது. இப்ப வடிவாத் தெரியாது’ என்று சொல்லி மூடியைப் பூட்டிவிட்டேன். பின்னேரம் நாலு மணி. வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

ஹனீபா காக்கா குடையை விரிக்காமலே எழும்பிப் போனார்.

நான் வீட்டுக்குப் போனேன். போனேன் என்றால், பைக்கில். என் வீடு கராஜிலிருந்து நாலு வீடு தள்ளி. நடந்தால் ஒரு சுருட்டுப் பற்றவைப்பதற்குள் போய்விடலாம். ஆனால் மோட்டார் சைக்கிள் பாஸ் நடந்து போனால் யார் அவனிடம் மோட்டார் சைக்கிள் தருவான்? சாப்பாட்டுக்கு வருவதும் பைக்கில், திரும்புவதும் பைக்கில்.

அன்றைக்கு முற்றத்தில் பைக்கை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

‘இஞ்சாருங்க, அதுக்கு என்ன?’

‘எஞ்சினுக்குள்ள தண்ணி. எங்கால வந்த எண்டு விளங்கல்ல.’

‘அது ஓடினாத்தானே பழுதாக? நான் கேற்றத் திறந்து விட்டுட்டு மூட முந்தி கராஜ்ல இருந்து ஹோர்ன் கேக்குது. அந்த சைலன்சர்ல ஈரத் துவாயக் காயப்போட்டன், காயவே இல்ல.’

சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் வந்து நிறுத்திய பைக். பூனை படுத்து எழும்பிய இடம் போல ஒரு சின்னச் சூடு, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஸ்டார்ட் ஆனது. பெற்றோல் எரியும்போது நீராவி வரும். அதில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஒயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். எல்லா எஞ்சினிலும் இதுதான் நடக்கிறது. மாரிகாலத்து ஈரக்காற்றும் அதோடு சேரும். நன்றாக ஓடிச் சூடேறினால் அந்த ஆவி எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியே வெளியேறிவிடும். சூடேறுமுன் நிறுத்திவிட்டால், சோற்றுப்பானை மூடியில் வியர்ப்பதுபோல உள்ளே வியர்த்து ஒயிலோடு கலக்கும். மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. ஒரு துளி வெள்ளம் இல்லாமலே பால் தேத்தண்ணி தயார். இதை நான் எப்போதோ படித்தவன்தான். படித்தது தலையில் இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை பேசியது மூக்கு.

ஹனீபா காக்கா அந்த பைக்கில்தான் தினமும் அம்பாறைக்குப் போய் வந்தார். அவ்வளவு தூரம் ஓடிய எஞ்சினுக்குள் எந்த ஈரம் தங்கும்? ‘என்னட்ட இருந்த வரைக்கும் இல்ல’ என்று மனிதர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அப்படியானால் ரிஸ்வான் எவ்வளவு தூரம் ஓடுகிறார்? நான் கேட்கவே இல்லை. விரலை விட்டேன், மணந்தேன், வானத்தைப் பார்த்தேன். ஓடுகிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். நடந்துதான். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தேன்.

‘ஹாஜியார், மருமகன் பைக்க எங்கெங்க கொண்டு போறார்?’

‘பள்ளிக்கி. அஞ்சி வக்துக்கும் பள்ளிக்கி. மாஷா அல்லாஹ், சுபஹுக்கும் விடமாட்டார். மறுகா கடைக்கி.’

பள்ளி அந்த வீட்டு வாசலில் நின்றால் தெரியும். முந்நூறு தப்படி இருந்தால் பெரிது. அடுத்த தெருக் கடையும் அப்படித்தான்.

‘நடந்து போகலாமே?’

ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். ‘என்ட வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை செருப்பத் தேச்சிக்கிட்டு ரோட்டால நடந்து போறதா? ஊர் என்ன சொல்லும்? நான்தான் சொன்னன், வாசல் தாண்டினா பைக்குலதான் போகணும் எண்டு.’

உள்ளே கதவுக்குப் பின்னால் ரிஸ்வானின் செருமல் கேட்டது. அந்தச் செருமலில் இரண்டு மாதத்துக் கதை இருந்தது.

‘ஹாஜியார்,’ என்றேன், ‘செவ்வாக்கிழமை நான் சொன்னது பிழை. அந்த பைக் வெள்ளத்துல தாளல்ல. பள்ளிக்குப் போய்த்தான் இப்படியாகிரிக்கி.’

சொன்ன விதம் பிழைத்துவிட்டது. ஹாஜியார் எழும்பி நின்றார். ‘அஸ்தஃபிருல்லாஹ்! பள்ளிக்குப் போனா பைக் பழுதாகுமா?’

நான் சோற்றுப்பானை, மூடி, ஆவி எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. அவர் நம்பவில்லை. ‘ஹனீபா வந்து அழுதிருப்பான், உனக்கு மனம் இளகிட்டு. அவ்வளவுதான். நீதானே மணந்து பாத்துச் சொன்ன?’

என் மூக்கின் மேல் ஊருக்கு இருந்த நம்பிக்கை அப்படி. வேறு வழியில்லை. ஆளை அனுப்பி என் பைக்கைக் கொண்டுவரச் சொல்லி, அவர் முன்னால் மூடியைக் கழற்றினேன். இந்த முறை கட்டைவிரலைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

‘இது என்ட பைக். நேத்து உங்களுக்கெல்லாம் காட்டாமப் பூட்டினது இதத்தான்.’

ஹாஜியார் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘நேத்தே தெரியுமா உனக்கு?’

‘ஓம்.’

‘அந்த மனிசன் குடையப் புடிச்சிக்கிட்டு இரிக்கக்குள்ளயே தெரியுமா?’

‘ஓம் ஹாஜியார்.’

ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. ‘எனக்கு நிரூபிச்சுக் காட்டு’ என்றார். ‘நாளைக்கி ஜும்ஆவுக்கு முந்தி.’

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். இரண்டு பைக்கின் மூடியையும் நன்றாகத் துடைத்துப் பூட்டினேன். வழியில் நான் ஏதும் கைவேலை செய்துவிடுவேன் என்று ஹாஜியார் மூடிகளின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, அரிசி ஆலைச் சிட்டையில் போடும் அதே கையெழுத்தைப் போட்டார். என் பைக்கில் நான். மற்றதில் ரிஸ்வான், பின்னால் ஹாஜியார்; தொப்பிக்கு மேல் ஹெல்மெட். அக்கரைப்பற்று வரை போய்த் திரும்புவது திட்டம். அந்த வெள்ளை போகாவிட்டால் என் கராஜ் போர்டைக் கழற்றுவதாக நானே வாயைக் கொடுத்திருந்தேன். வாய்தான், பழக்கம் விடுமா?

நிந்தவூரில் ஹாஜியாருக்குப் பொறுமை போனது. ‘நிப்பாட்டு, பாப்பம்.’ பிளாஸ்டரை உரித்து மூடியைத் திறந்தார். துடைத்துப் பூட்டிய மூடி முழுக்க வெள்ளை. முன்பைவிட அதிகம்.

‘கூடிட்டே பாஸ்!’

என் போர்டு போகட்டும். நாளைக்கு ஜும்ஆ. ஹனீபா காக்காவும் அவருடைய குடையும் கண்ணுக்குள் நின்றார்கள். சரி, ஏதாவது காரணம் சொல்லித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இரண்டு நாளாக அவசரத்தில் பேசியே கெட்டவன். இந்த முறை கொஞ்சம் யோசித்தேன். அடியில் கிடந்த ஈரம் சூட்டில் ஆவியாகி மேலே வருகிறது, மூடி இன்னும் குளிராக இருப்பதால் அதில் ஒட்டுகிறது. வெளியேறத் தொடங்கியிருக்கிறது என்றால் முதலில் கூடத்தான் வேண்டும்.

‘வேர்க்குது ஹாஜியார்,’ என்றேன். ‘காய்ச்சல்காரனுக்கு வேர்த்தா நல்லதுதானே? இன்னும் ஓடுவம்.’

துடைத்து, பூட்டி, புதுப் பிளாஸ்டர், புதுக் கையெழுத்து. ஒலுவில் தாண்டி அக்கரைப்பற்றுக்குள் நுழைந்ததும் ரிஸ்வானின் பைக் கேட்காமலே ஒரு ஒழுங்கைக்குள் திரும்பியது. அவருடைய உம்மாவின் வீடு. கலியாணத்துக்குப் பிறகு மகன் சரியாக வரவே இல்லையாம். மருமகனைத் தனியாக அனுப்பினால் மரியாதையில்லை என்று ஹாஜியார் நினைக்க, கேட்டால் மரியாதையில்லை என்று ரிஸ்வான் நினைக்க, இரண்டு மரியாதைக்கும் நடுவில் அந்தத் தாய் இருந்திருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த உம்மா, ‘அப்ப எஞ்சின் பழுதானாத்தான் என்ட மகன் இஞ்சால வருவானா சம்பந்தி?’ என்று கேட்டார். ஹாஜியார் ஹெல்மெட்டைக் கழற்றாமலே முற்றத்துக் கோழிகளை எண்ணத் தொடங்கினார்.

பலகாரம் வந்தது. நான் பதறிப்போனேன். ‘உக்காராதீங்க! எஞ்சின் ஆறிரும்!’ இரண்டு எஞ்சினும் டுபுடுபுவென்று ஓடிக்கொண்டிருக்க, முற்றத்தில் நின்றபடியே தேத்தண்ணி குடித்தோம். பால் தேத்தண்ணிதான் தந்தார். நான் கோப்பைக்குள் பார்க்காமலே குடித்து முடித்தேன்.

திரும்பி வரும்போது, அம்பாறை ரோடு வந்து சேரும் கரைதீவுச் சந்தியில் நிறுத்தினோம். எஞ்சினுக்குப் பக்கத்தில் கால் வைக்க முடியாத சூடு. ஹாஜியார் சீலைத் துண்டால் பிடித்து மூடியைத் திறந்தார். கொஞ்சம் ஆவி வந்தது. மூடியைத் திருப்பினார்.

சுத்தமான மண்ணிறம். பளபளவென்று ஒயில். என்னுடையதையும் திறந்தார். அதுவும் அப்படியே.

ஹாஜியார் மூடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்பாறை பஸ் வந்து நின்றது. கல்முனை பஸ்ஸுக்கு மாற ஒரு குடை இறங்கியது, பின்னால் ஹனீபா காக்கா. தான் விற்ற பைக், அதைச் சுற்றி நாங்கள், ஹாஜியாரின் கையில் மூடி. அவருக்கு முகம் வெளிறிவிட்டது. ‘நாளைக்கித்தானே?’ என்று கேட்டார்.

ஹாஜியார் மூடியை அவர் கண்ணுக்கு முன்னால் காட்டினார். பிறகு தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி ஹனீபா காக்காவின் தலையில் வைத்தார்.

‘ஏறும்.’

‘ஹாஜியார், எனக்கு பஸ்…’

‘ஏறும் எண்டு சொல்றன். மகன், இவர வெச்சிக்கிட்டு நீ மெயின் ரோட்டாலதான் போகணும். இவர்ட மகளுக்குப் பேசின மாப்பிள்ளை வீட்டு வாசலக் கடந்துதான் போகணும். இடுப்பு நோகும், மெல்லமாப் போ. மெல்லமாப் போனாத்தான் எல்லாரும் காணுவாங்க.’

அவர்கள் முன்னால் போனார்கள். ஹனீபா காக்கா மழையே இல்லாமல் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தார். ஹாஜியார் என் பைக்கில் ஏறினார். என் சீற் பழைய கிழிந்த சீற், உள்ளே பஞ்சு நிறைய மழைத்தண்ணீர். அவருடைய வெள்ளைச் சாரன் நனைந்தது எனக்குத் தெரியும். கல்முனை எல்லை வந்ததும் என் காதுக்குள், ‘நாளைக்கிப் பள்ளியில நீதான் கதைக்கிற’ என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஊரே வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம், ஒரு படியில் ஏறி நின்று சொன்னேன். ஹனீபா காக்காவின் பைக் வெள்ளத்தில் தாழவில்லை, நான் சொன்னது பிழை, பிழை என்று தெரிந்த பிறகும் ஒரு பின்னேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது அதைவிடப் பெரிய பிழை. கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்: ‘அப்ப பாஸ், போன மாசம் என்ட பைக்குக்கு நீங்க சொன்னது?’ பார்த்தால், அந்தப் பாதித் தாடிக்காரர். இப்போது முழுதாக வழித்திருந்தார்.

அந்த மாதம் என்னிடம் வேலைக்கு வந்தவர்கள் குறைவு. வந்தவர்களும் நான் விரலைத் தூக்கினாலே சிரித்தார்கள். அதன்பிறகு வந்த ஒவ்வொரு ஆளிடமும் மூடியைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுவேன்: எங்கே போறீங்க, எவ்வளவு தூரம், எத்தனை தரம்? பாதிக் குறைபாடுகள் அந்தக் கேள்வியிலேயே அகப்பட்டன.

அதற்காக வெள்ளை கண்டதெல்லாம் வியர்வை என்று எழுதி வைத்துவிடாதீர்கள். வெள்ளத்து பைக் என்று ஒன்று உண்டு. தண்ணீரால் குளிரும் எஞ்சின்களும் இப்போது நிறைய ஓடுகின்றன. வியர்வையோ வெள்ளமோ, ஒயிலை மாற்றிவிட்டுத்தான் பைக்கைக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒயிலைப் பற்றி நீங்கள் சொல்லும் சொல் ஒயிலோடு நிற்பதில்லை. அது யாரோ ஒருவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டும். படம் அனுப்பிய தம்பி, கஸ்டமருக்கு இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். கட்டைவிரலுக்கு வேலை கொடுக்காதீர்கள்.

ஹாஜியார் மருமகனைப் பள்ளிக்கு நடக்க விட்டார். கௌரவம் குறையக்கூடாது என்று தானும் கூடவே நடந்தார். கிழமைக்கு ஒரு நாள் ரிஸ்வான் மனைவியை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் போவார். யாராவது கேட்டால் எஞ்சினுக்காகவாம். மாரி முடிந்து, கோடை வந்து, ரோடு கொதிக்கத் தொடங்கிய பிறகும் அந்த எஞ்சினுக்குக் குளிர் விடவே இல்லை.

ஹனீபா காக்காவின் மகளுக்கு நாள் குறித்தார்கள். கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. மூலையில் போய் இருக்கலாம் என்று பார்த்தேன். ஹாஜியார் கையைப் பிடித்து இழுத்து, நடுவில் இருந்த சஹனில், எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டில், ஐந்து பேரோடு ஆறாவது ஆளாக இருத்திவிட்டார். சாப்பாடு முடிந்ததும் பெண்ணின் வாப்பா ஹனீபா காக்காவே வட்டிலப்பத் தட்டோடு வந்தார். என் முன்னால் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார்:

‘பாஸ், ஒருக்கா விரல விட்டு மணந்து பாருங்க. வெள்ளத்துல குளிச்சதோ தெரியா.’

ஐந்து பேரும் புரையேறச் சிரித்தார்கள். வட்டிலப்பம் நல்ல மண்ணிறம், மேலே கொஞ்சம் நுரை, ஓரத்தில் வியர்த்து ஈரம். என் விரல் பழக்கதோஷத்தில் எழும்பிவிட்டது. அதை மடக்கிக்கொண்டு கேட்டேன்:

‘காக்கா, முதல்ல இதச் சொல்லுங்க. குசினி அடுப்புல இருந்து இது எவ்வளவு தூரம் ஓடி வந்தது?’